பைக் மீட்டருக்கு புது ரிங் மாட்டப் போறீங்களா? மேலே ஒட்டலாம்... ஆனா மீட்டரைத் திறக்கக் கூடாது! ஏன் தெரியுமா?

புது பைக் டெலிவரி எடுத்ததும் பலரும் அடுத்து போய் நிற்கும் இடம் அக்சஸரீஸ் கடை. சென்னையில் என்றால் ஜி.பி. ரோடு. பழைய பாகங்கள் வேண்டும் என்றால் புதுப்பேட்டை. கிராஷ் கார்டு, மொபைல் ஹோல்டர், சீட் கவர் என வரிசையாக வாங்கிவிட்டு, கடைசியில் கண் போய் நிற்பது ஒரு சின்னப் பொருளில். மீட்டரைச் சுற்றி மாட்டும் பளபள வளையம். கடைக்காரர் மொழியில் 'மீட்டர் ரிங்'.

பைக் ஓட்டும்போது வண்டியில் நம் கண் அடிக்கடி பார்க்கும் இடம் மீட்டர்தான். அதனால் அதை அழகாக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. விலையும் பெரிசா இல்லை, வேலையும் சின்ன வேலைதான். ஆனா அதை எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தவறாக மாட்டினால் மீட்டரின் வாரண்டி போகலாம், மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் கோக்கலாம். அதைவிட முக்கியமாக, நாளைக்கு வண்டியை விற்கப் போகும்போது "கிலோமீட்டரைக் குறைச்சு வச்சிருக்கீங்களா?" என்ற கேள்வியும் வரலாம்.

எந்த ரிங் வாங்கலாம், எப்படி மாட்டலாம், போலீஸ் பிடிப்பார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

மீட்டர் ரிங் என்பது என்ன?

ஸ்பீடோமீட்டரின் கண்ணாடியைச் சுற்றி ஓரத்தில் இருக்கும் விளிம்பைத்தான் 'பெசல்' என்கிறார்கள். கைக்கடிகாரத்தில் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, அதே மாதிரி. இதில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது.

முதல் வகை, மீட்டரோடு சேர்ந்து வரும் ஒரிஜினல் விளிம்பு. பழைய பாணி வட்ட மீட்டர்கள் பலவற்றில் கண்ணாடி, அதன் அடியில் ரப்பர் வளையம், மீட்டர் டப்பா ஆகிய மூன்றையும் இறுக்கிப் பிடித்திருப்பதே இந்த உலோக விளிம்புதான். அதன் ஓரத்தை ஃபேக்டரியில் மடித்து அழுத்தி சீல் செய்திருப்பார்கள். அதாவது இது அலங்காரப் பொருள் இல்லை, மீட்டரின் பூட்டு.

இரண்டாவது வகை, அந்த விளிம்புக்கு மேலே தொப்பி மாதிரி உட்காரும் அலங்கார வளையம். கடையில் 'மீட்டர் ரிங்', 'க்ரோம் ரிங்' என்று விற்பது பெரும்பாலும் இதுதான். இதைக் கழற்றினாலும் மாட்டினாலும் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

ஆக, விதி ரொம்ப சிம்பிள். இரண்டாவது வகையை மாட்டலாம். முதல் வகையைத் தொடக் கூடாது.

எந்த பைக்கில் எப்படி?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, புல்லட் மாதிரியான வண்டிகளில் ஹெட்லைட்டும் மீட்டரும் ஒரே உலோகக் கூட்டுக்குள் இருக்கும். இதற்கு 'காஸ்கெட்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தொப்பி என்று அர்த்தம். 1950-களில் இங்கிலாந்தில் தயாரான என்ஃபீல்டு வண்டிகளில் வந்த இந்த டிசைன், 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கிய பிறகு இங்கேயும் நிலைத்துவிட்டது. மீட்டர் கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பதால், மேலே சன்னமான ரிங் மட்டுமே பொருந்தும். தடிமனான ரிங் போட்டால் பக்கத்தில் இருக்கும் சாவித் துவாரத்தையோ, சின்ன டயலையோ இடிக்கலாம்.

2018 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமான இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளில் கதை வேறு. ஸ்பீடோமீட்டர் ஒரு பக்கம், ஆர்.பி.எம். மீட்டர் ஒரு பக்கம் என இரண்டு தனித்தனி வட்டங்கள் வெளியே தெரியும். ரிங் மாட்டுவதற்கு வசதியான அமைப்பு இது. இரண்டுக்கும் ஒரே ஃபினிஷில் ஜோடியாக வாங்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கியும் தெரியும்.

முழு டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள பைக்குகள் பலவற்றில் வட்டமான விளிம்பே கிடையாது. அங்கே ரிங்குக்குப் பதில் மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பேனலுக்கு கார்பன் ஃபைபர் டிசைன் ஸ்டிக்கர், டிஸ்ப்ளே மேல் ஸ்க்ரீன் கார்டு என்று போடுகிறார்கள். போனுக்கு ஒட்டும் அதே மாதிரி ஃபிலிம்தான். கீறல் விழாமல் காக்கும். ஆனால் டிஸ்ப்ளே பக்கத்தில் வெளிச்சத்தை உணரும் சென்சார் இருந்தால் அதை மூடிவிடக் கூடாது.

எந்த மெட்டீரியல் நல்லது?

ரிங் வாங்கும்போது "அண்ணே, துரு பிடிக்காதுல்ல?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் "பிடிக்காது"தான் பதில். நாமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

• ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மேல் க்ரோம் பூச்சு: விலை குறைவு, எடை குறைவு. துருப்பிடிக்காது. ஆனால் தரமில்லாத பூச்சு வெயிலில் உரிந்து செதில் செதிலாக வரும். (பிரேக்கில் வரும் ஏ.பி.எஸ். வேற, இது பிளாஸ்டிக்கின் பெயர்.)

• இரும்பு மேல் க்ரோம் பூச்சு: பார்க்க அசல் க்ரோம் அழகு. ஆனால் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே துரு ஏறும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரியான கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதைச் சீக்கிரமே காட்டிக் கொடுத்துவிடும்.

• ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை கூடுதல். கடலோரத்துக்கு இதுதான் நிம்மதி.

• அலுமினியம்: மெஷினில் கடைந்து, அனோடைஸ் செய்து கறுப்பு, சில்வர் நிறங்களில் வரும். எடை குறைவு, வெயிலில் கண் கூசாத மேட் ஃபினிஷ் கிடைக்கும்.

• பித்தளை: பழைய கால லுக் வேண்டும் என்பவர்கள் தேடுவது. ஆனால் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரிதான். அடிக்கடி துலக்கவில்லை என்றால் கறுத்துவிடும். துலக்கும் பாலிஷ் மீட்டர் கண்ணாடியில் பட்டால் அங்கே கீறல் விழும்.

காந்தத்தை எடுத்துப் போய் ரிங்கில் வைத்துப் பாருங்கள். 'அலுமினியம்' என்று சொல்லி விற்றது காந்தத்தில் ஒட்டினால் அது இரும்புதான்.

மீட்டரை ஏன் திறக்கக் கூடாது?

சில இடங்களில் ஒரிஜினல் விளிம்பையே நெம்பி எடுத்து, பாலிஷ் போட்டோ பெயின்ட் அடித்தோ, உள்ளே டயலையும் மாற்றித் தருகிறார்கள். பார்க்க சூப்பராகத்தான் இருக்கும். ஆனால் இதில் நான்கு சிக்கல்கள்.

ஒன்று, தண்ணீர். ஃபேக்டரியில் மடித்த விளிம்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால், திரும்ப அதே இறுக்கத்தில் மடிக்க முடியாது. அடியில் உள்ள ரப்பர் வளையமும் சரியாக உட்காராது. அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஈரம் ஏறும். "அதான் சிலிக்கான் போட்டு அடைச்சாச்சே" என்பார்கள். பல மீட்டர்களில் அடிப்பக்கம் காற்றுப் போக்குக்கு சின்ன துவாரம் இருக்கும். சிலிக்கான் போடும்போது அதையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லாமல் போகும்.

இரண்டு, முள். பழைய கேபிள் மீட்டரில், முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் பக்கத்தில் உள்ள அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். தலைமுடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில்தான் முள் சரியான வேகத்தில் நிற்கிறது. டயல் மாற்ற முள்ளைப் பிடுங்கி மறுபடி குத்தும்போது ஒரு நூல் தள்ளினாலும் வேகம் தப்பாகக் காட்டும். சென்சாரில் ஓடும் இப்போதைய மீட்டர்களிலும் முள்ளின் தொடக்க இடம் மாறினால் இதே பிரச்சனைதான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்து மட்டும் காட்டவே கூடாது என்பதுதான் ஸ்பீடோமீட்டருக்கான சர்வதேச விதி. 60-ல் போகும் வண்டி 50 என்று காட்டினால் ஆபத்து ஓட்டுபவருக்குத்தான்.

மூன்று, வாரண்டி. மீட்டரைத் திறந்த தடயம் தெரிந்தால், "வெளியில் வேலை பார்த்திருக்கிறீர்கள்" என்று சொல்லி வாரண்டியில் மாற்றித் தர மறுக்க வாய்ப்பு அதிகம். டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள வண்டிகளில் மீட்டர் முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டி வரும். ரிங்கின் விலையோடு ஒப்பிட்டால் அந்த பில் பல மடங்கு.

நான்கு, பலரும் யோசிக்காத விஷயம். மறுவிற்பனை. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்க வரும் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது மீட்டரின் ஓரத்தைத்தான். அங்கே நெம்பிய கீறல், மடிப்பில் நெளிவு, ஸ்க்ரூ தலையில் தேய்மானம் இருந்தால் உடனே எழும் சந்தேகம், 'ஓடிய கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்கள்' என்பதுதான். நீங்கள் அழகுக்காகத்தான் திறந்தீர்கள் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? உண்மையான ரீடிங்கே காட்டினாலும் நம்ப மாட்டார்கள். விலையைத்தான் குறைப்பார்கள்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால், சர்வீஸ் பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் ரீடிங் இருக்கும். நம்பிக்கைக்கு அதுதான் சாட்சி.

பளபளப்பு கண்ணைக் கூசினால்?

க்ரோம் ரிங் கடையின் டியூப் லைட்டில் அழகாக இருக்கும். மதியம் 12 மணிக்கு மேம்பாலத்தில் ஏறும்போதுதான் அதன் மறுபக்கம் தெரியும். உச்சி வெயில் வளையத்தில் பட்டு நேராகக் கண்ணுக்கு அடிக்கும். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் தூரம் கடந்துவிடும். கண் கூசி ஒரு நொடி தடுமாறினாலும் அவ்வளவு தூரம் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியதாக அர்த்தம். தினமும் பகலில் அதிக தூரம் ஓட்டுபவர்களுக்கு மேட் அல்லது பிரஷ்டு ஃபினிஷ்தான் நல்லது.

அதேபோல, ரிங்கின் உள் ஓரம் எச்சரிக்கை விளக்குகளை மறைக்கக் கூடாது. இண்டிகேட்டர், ஹை பீம், நியூட்ரல் மட்டும் இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேல் விற்கப்படும் புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதில் கோளாறு என்றால் எரியும் விளக்கு மீட்டரில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இன்ஜின் செக் லைட்டும் அங்கேதான். அது எரிவதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டினால், சின்ன சென்சார் செலவு பெரிய இன்ஜின் செலவாக மாறலாம்.

எல்.இ.டி. ரிங் போடலாமா?

இரவில் நீலமாக ஜொலிக்கும் எல்.இ.டி. வளையத்துக்கும் ஆசைப்படுகிறார்கள். இதில் இரண்டு விஷயம். இருட்டுக்குப் பழகிய கண், பக்கத்தில் பளிச்சென்ற வெளிச்சம் இருந்தால் ரோட்டின் இருண்ட பகுதியைச் சரியாகப் பார்க்காது. ஸ்பீடு பிரேக்கர், மாடு, பள்ளம் எல்லாம் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

அடுத்து, ஒயரிங். வண்டியின் ஒரிஜினல் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி கரன்ட் எடுப்பதுதான் நடைமுறையில் நடக்கிறது. மழையில் அந்த இடத்தில் ஷார்ட் ஆனால் மீட்டரோடு நிற்காது, மற்ற லைட்டுகளும் சேர்ந்து போகலாம். எலெக்ட்ரிக்கல் வாரண்டிக்கும் சிக்கல். போட்டே ஆக வேண்டும் என்றால் தனி ஃபியூஸ், சாவி ஆஃப் செய்தால் அணையும் இணைப்பு, ஒயரை வெட்டாத கப்ளர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

போலீஸ் பிடிப்பார்களா? சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு முரண்படும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும் அளவுக்கு அதன் கட்டமைப்பை மாற்றுவது என்ற விளக்கமும் அதிலேயே உண்டு. மீட்டரைச் சுற்றிய அலங்கார வளையம் ஆர்.சி.யில் இடம்பெறும் விவரமே இல்லை. வண்டியின் அடிப்படை அம்சத்தையும் அது மாற்றுவதில்லை.

ஆனால் அதற்காக மீட்டர் விஷயத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-வது விதிப்படி, வண்டி போகும் வேகம் ஓட்டுபவருக்குத் தெரியும் இடத்தில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும். லுக்குக்காக மீட்டரையே கழற்றிவிட்டு சும்மா ஒரு வட்டத் தகடு வைத்து ஓட்டினால் அது விதிமீறல்.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த வண்டியின் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். கடையில் மாற்றிக் கொடுத்தவர் பொறுப்பு என்று உரிமையாளர் தப்பிக்க முடியாது.

இன்சூரன்ஸையும் மறக்க வேண்டாம். கம்பெனி மாட்டித் தராத அக்சஸரீஸை பாலிசியில் தனியாகத் தெரிவித்திருந்தால் மட்டுமே க்ளெய்மில் அவற்றுக்குப் பணம் எதிர்பார்க்கலாம். சின்ன ரிங்குக்கு இது பெரிய விஷயம் இல்லை. மீட்டர் செட்டையே மாற்றினால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

வாங்கும் முன் இந்த பேப்பர் டெஸ்ட்!

'உங்க மாடலுக்கு கரெக்டா ஃபிட் ஆகும்' என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். ஒரே பெயரில் வரும் பைக்கிலேயே வருஷத்துக்கு வருஷம் மீட்டர் மாறும். 2021-ல் வந்த புது கிளாசிக் 350-ன் மீட்டரும், அதற்கு முந்தைய கிளாசிக்கின் மீட்டரும் வேறு வேறு.

மீட்டரின் வெளி விட்டம், கண்ணாடியின் விட்டம், விளிம்பின் உயரம் ஆகிய மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தடிமனான பேப்பரில் ரிங் அளவுக்கு வட்டம் வெட்டி மீட்டர் மேல் வையுங்கள். ஹெல்மெட் போட்டு, வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்காருங்கள். சாவியை ஆன் செய்து எல்லா எண்ணும், எல்லா விளக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். ஏதாவது மறைந்தால் அந்த அளவு ரிங் வேண்டாம்.

நாமே மாட்டுவது எப்படி?

1. மீட்டர் கண்ணாடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதைச் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் வைத்து மட்டும் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் வெளுத்து, முடி மாதிரி விரிசல் விடும்.

2. ரிங் உட்காரும் விளிம்பில் மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்.

3. ஒட்டாமல் முதலில் சும்மா வைத்துப் பாருங்கள். ஹேண்டில் பாரை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி, கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்கள் எதிலும் ரிங் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

4. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான நல்ல ஃபோம் டபுள் சைடு டேப்பைப் பயன்படுத்துங்கள். ஃபெவிக்விக் மாதிரி உடனே ஒட்டும் பசை வேண்டாம். அதிலிருந்து வரும் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும்.

5. ஒரு நிமிடம் சுற்றிலும் அழுத்திப் பிடியுங்கள். டேப் முழுப் பிடிப்புக்கு வர 3 நாள் வரை ஆகலாம். அதுவரை வாட்டர் வாஷ் வேண்டாம். அதன் பிறகும் பிரஷர் வாட்டரை நேராக மீட்டரில் அடிக்கச் சொல்லாதீர்கள்.

கழற்ற வேண்டும் என்றால் ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி, தூண்டில் நரம்பை ரிங்குக்கு அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தால் போதும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். அது போட்டுவிடும் கீறல்தான் பின்னாளில் 'மீட்டரைத் திறந்திருக்கிறார்கள்' என்ற பேச்சுக்குக் காரணமாகும்.

பின்குறிப்பு: மழை முடிந்த மறுநாள் காலை மீட்டருக்குள் லேசாகப் பனி படர்ந்து, வெயில் ஏறியதும் மறைந்தால் பயப்பட வேண்டாம். அது பல வண்டிகளில் சாதாரணமாக நடப்பதுதான். நாள் முழுக்க மறையாமல் துளித் துளியாகத் தண்ணீர் நின்றால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். நீங்களே திறந்து துடைக்காமல், வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.

மொத்தத்தில், எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: "இதை நாளைக்கே கழற்றினால், வண்டி ஷோரூமில் இருந்து வந்த மாதிரியே இருக்குமா?" ஆம் என்றால் தாராளமாக மாட்டலாம். இல்லை என்றால், ஆசையைக் கொஞ்சம் ஓரங்கட்டி வைப்பதே பர்ஸுக்கும் பைக்குக்கும் நல்லது.